வெள்ளத்தாய்க்கு வந்த பி.பி. கால்

உங்கள் அதிகாரி என்னைக் கூப்பிட்டு, புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை சொல்லுங்கள் என்றார். நாலு வார்த்தையோடு நிறுத்துகிற ஆள் நான் இல்லை என்பது அவருக்குத் தெரியாது போலிருக்கிறது. வேலை பார்த்த காலமெல்லாம் மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை மற்றவர்கள் பேச்சை நிறுத்தச் சொல்லியே பிழைத்தவள் நான். அதனால் இப்போது யாரும் என்னை நிறுத்தக் கூடாது.

நீங்கள் காதில் ஒன்றை மாட்டிக்கொண்டு, கண்ணுக்கு முன்னால் திரையை வைத்துக்கொண்டு, வாடிக்கையாளர் குறை கேட்கிறீர்கள். நாங்களும் காதில் மாட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தோம். எங்கள் முன்னால் திரை கிடையாது. ஆள் உயரத்துக்கு ஒரு பலகை, அதில் வரிசை வரிசையாய்த் துளைகள், கையில் கயிறு மாதிரி கம்பி. யாராவது போனை எடுத்தால் பலகையில் ஒரு சின்ன மூடி விழும். கம்பியைச் சொருகி, “நம்பர்?” என்று கேட்போம். வெளியூர் என்றால் எழுதி வாங்கிக்கொண்டு, வரிசைப்படி போட்டுக் கொடுப்போம், மூன்று நிமிடம் ஆனதும் சொல்லி நிறுத்துவோம். எழுபதுகளில் கோவில்பட்டி டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் அப்படித்தான் இருந்தது. வேலையைப் பற்றி இதற்கு மேல் உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை, அந்தப் பலகை போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது.

நான் கடம்பூர்க்காரி. தினமும் பாசஞ்சர் ரயிலில் வருவேன். கடம்பூரிலிருந்து வருகிறவள் போளி வாங்காமல் வந்தால் எக்ஸ்சேஞ்சில் ஒரு பிள்ளையும் முகம் கொடுத்துப் பேசாது. பொம்பளைப் பிள்ளை ரயிலேறி வேலைக்குப் போகிறாள் என்று எங்கள் சர்ச் சபையிலேயே சிலர் அம்மாவிடம் துக்கம் விசாரிப்பதுபோல் விசாரித்தார்கள். அந்த ஜனங்களே கொஞ்ச காலத்தில் தங்கள் பிள்ளைகளுக்கும் அங்கே வேலை கிடைக்குமா என்று கேட்டு வந்தார்கள். மாற்றம் என்பது பெரும்பாலும் அப்படித்தான், ஏசினவர்கள் வாயாலேயே விசாரித்துக்கொண்டு வரும்.

கோவில்பட்டி அப்போது வளர்ந்துகொண்டிருந்த ஊர். தீப்பெட்டி ஆபீஸ் முதலாளிகள் கல்கத்தாவுக்கும் டில்லிக்கும் கால் போட்டு, இந்தப் பக்கம் நின்று கத்துகிற கத்தில் கம்பி இல்லாமலே டில்லிக்குக் கேட்டுவிடும் என்று நாங்கள் சிரிப்போம். பருத்தி வியாபாரிகள், மிளகாய் வத்தல் வியாபாரிகள், எல்லாருக்கும் அவசரம். இருந்த வெளியூர் லைன்கள் கைவிரலுக்குள் அடங்கும். ஊரைச் சுற்றியிருந்த கரிசல் காட்டு ஊர்களிலிருந்து மழை இல்லாத வருஷம் ஆட்கள் வெளியே போவார்கள். மழை பெய்த வருஷமும் போவார்கள். பம்பாய்க்குப் போனவர்கள் அங்கிருந்து ஊருக்குப் பேச வேண்டுமென்றால் எங்கள் பலகை வழியாகத்தான் வர வேண்டும்.

இப்போது பி.பி. கால் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கதை புரியாது. ஒரு ஊரில் ஒரே போன், அதுவும் தபால் ஆபீஸில். அங்கே இன்ன பெயருள்ள ஆள் வந்தால்தான் பேசுவேன் என்று பெயர் சொல்லிப் பதிவு செய்வதுதான் பி.பி. கால். தபால் ஆபீஸிலிருந்து ஆள் அனுப்பி, இன்ன நேரத்துக்கு வா என்று சொல்லிவிடுவார்கள். குறித்த ஆள் வந்து பேசினால் கால் நடந்ததாகக் கணக்கு. வரவில்லையென்றால் ‘ஆள் இல்லை’ என்று சீட்டில் எழுதி முடித்துவிட வேண்டும்.

புதூர்ப் பக்கம் ஒரு ஊர். பெயர் வேண்டாம், இப்போது அந்த ஊர்ப் பிள்ளைகள் இந்தக் கூட்டத்திலேயே இருந்தாலும் இருப்பீர்கள். அங்கே தபால் ஆபீஸ் என்பது போஸ்ட்மாஸ்டரின் வீட்டு முன்னறை. அந்த ஊருக்கு பி.பி. கால் போட்டால் ஒரு வினோதம் நடக்கும். பேச வந்தவர் பேச மாட்டார். போஸ்ட்மாஸ்டர் அண்ணாச்சி பேசுவார். பம்பாயிலிருந்து மகன் கேட்பதை வாங்கி வெளியே பார்த்துக் கத்துவார். வெளியிலிருந்து வருகிற பதிலை வாங்கி மகனுக்குச் சொல்லுவார். “நல்லாருக்காவளாம். ஆடு குட்டி போட்டிருக்காம்.” இப்படி. எல்லாருக்கும் இல்லை, சிலருக்கு மட்டும்.

எங்கள் எக்ஸ்சேஞ்சில் இதற்கு ஒரு விளக்கம் வைத்திருந்தோம். காட்டு ஊர் ஜனங்கள், போனைத் தொட்டால் ஷாக் அடிக்கும் என்று பயப்படுகிறார்கள். இதைச் சொல்லிச் சிரிப்போம். காதை மட்டும் வைத்துப் பிழைக்கிறவர்கள் செய்கிற தப்பு இது. குரலைக் கேட்டே ஆளின் வயசு, கோபம், ஜலதோஷம் எல்லாம் சொல்லிவிடுவோம், ஆனால் அந்த ஆள் எங்கே நிற்கிறார் என்று எங்களுக்குத் தெரியாது.

ஒருநாள் சாயங்காலம், வெயில் இன்னும் தணியவில்லை. பம்பாயிலிருந்து அந்த ஊருக்கு ஒரு பி.பி. கால் வந்தது. பேச வேண்டிய ஆள் வெள்ளத்தாய், கீழத்தெரு. கூப்பிடுவது மகன் முனியசாமி. கைப்பிடியைச் சுழற்றி ஊரைக் கூப்பிட்டேன். போஸ்ட்மாஸ்டர் அண்ணாச்சி எடுத்து, ஆள் வந்திருக்கு, சேதி என்னன்னு கேளுங்க, நான் சொல்லிடுதேன் என்றார். வழக்கம்தானே என்று லைனைச் சேர்த்துவிட்டேன்.

மகன் அவரிடம் சேதி சொல்ல மறுத்துவிட்டான். அம்மாவைக் கூப்பிடுங்கள் என்றான். அவர், நல்லாத்தாம்ப்பா இருக்கா, நாந்தான் சொல்லுதேன்ல என்றார். அப்போது அவன் பேசியதை இன்றைக்கும் என்னால் வரி பிசகாமல் சொல்ல முடியும்.

“அண்ணாச்சி, எங்கய்யா செத்தப்பவும் நல்லாருக்காவன்னுதான் சொன்னீய. நான் மனசு சங்கடப்படுவேன்னு சொன்னீய, சரி. இப்ப எங்கம்மா கெடையில கெடக்கான்னு நம்மூரு ஆளு ஒருத்தன் வந்து சொல்லுதான். நாளைக்கு நான் கப்பல் ஏறணும். எங்கம்மா கொரலைக் கேட்டா ஏறுவேன். இல்லன்னா இப்பவே ஊருக்கு வண்டி ஏறிருவேன்.”

வளைகுடா நாட்டு வேலை. அதற்காக அவன் எத்தனை வாசலில் நின்றிருப்பான் என்று அந்தக் குரலிலேயே தெரிந்தது. கப்பலை விட்டால் அந்த வேலை இன்னொருத்தனுக்கு. நானும் ரயிலேறி வேலைக்கு வந்தவள்தான்.

நான் நடுவில் நுழைந்தேன். அண்ணாச்சி, ரிசீவரை அவிய கையில குடுங்க என்றேன். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“அவ தெருவுல நிக்காம்மா.”

“உள்ள கூப்பிடுங்க அண்ணாச்சி.”

“கீழத்தெரு ஆளும்மா. எப்படி உள்ள வருவா? ஒனக்குத் தெரியாதா?”

தெரியாதா என்று கேட்டாரே, தெரியும். எங்கள் சபையிலேயே யார் எந்தப் பக்கம் உட்காருவது என்பது யாரும் சொல்லாமலே எல்லாருக்கும் தெரியும். ஆனால் அதையும் இந்தப் பலகையையும் நான் சேர்த்துப் பார்த்ததில்லை. ஷாக் அடிக்கும் என்று யாரும் பயப்படவில்லை. பேச வந்தவர்கள் எல்லாம் இத்தனை காலமும் வெயிலில், தெருவில், அந்த வீட்டு வாசலுக்குக் கீழே நின்றுகொண்டிருந்திருக்கிறார்கள். எனக்கு முகம் சுட்டது.

அதே நேரத்தில் பலகையில் இன்னொரு மூடி விழுந்தது. தீப்பெட்டி முதலாளி ஒருவர், கல்கத்தாவுக்கு அவசரக் கால் போட்டுவிட்டு லைனுக்காகக் காத்திருந்தவர். நான் பிடித்துவைத்திருந்தது அவருக்குப் போக வேண்டிய லைன். பம்பாய் ஆபரேட்டர் வேறு, கோவில்பட்டி, ஆள் உண்டா இல்லையா, வெட்டவா என்று இங்கிலீஷில் அரித்துக்கொண்டிருந்தாள். போதாக்குறைக்கு எங்கள் சூப்பர்வைசர் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றுவிட்டார்.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். விதிப் புத்தகத்துக்குக் கால் முளைத்து நடந்தால் எப்படி இருக்குமோ அப்படி ஒரு மனிதர். ஒரு நிமிடம் கூடுதலாகப் பேச விட்டால் போதும், பின்னாலிருந்து தொண்டையைச் செருமுவார். அந்தச் செருமலுக்கே நாங்கள் கம்பியைப் பிடுங்கிவிடுவோம். கையில் எப்போதும் தனியாக ஒரு ஹெட்செட் வைத்திருப்பார். அதை என் பலகையில் சொருகினார். இனி அங்கே நடப்பதெல்லாம் அவருக்கும் கேட்கும்.

‘ஆள் இல்லை’ என்று எழுதிவிட்டால் எல்லாருக்கும் நிம்மதி. முதலாளிக்கு லைன், பம்பாய்க்காரிக்கு ஓய்வு, அண்ணாச்சிக்குத் தெருவில் மரியாதை. அந்தப் பையன் மட்டும் கப்பலை விட்டுவிட்டு ரயிலேறுவான். ஆனால் ஆள் இருக்கிறாளே, நின்றுகொண்டிருக்கிறாளே, எப்படி இல்லை என்று எழுதுவது?

எனக்கு வந்த கோபத்துக்கு அண்ணாச்சியைக் கிழித்துத் தோரணம் கட்டியிருப்பேன். வாயைத் திறந்தும்விட்டேன். திறந்த வாயை எது மூடியது என்று சொல்கிறேன். ‘ஒனக்குத் தெரியாதா’ என்று கேட்டபோது அவர் குரலில் திமிர் இல்லை. பயம்தான் இருந்தது. அந்த மனிதர் நாளைக்கும் அந்தத் தெருவில்தான் இருந்தாக வேண்டும், நான் கடம்பூர் ரயிலில் ஏறிப் போய்விடுவேன். நான் நியாயம் பேசினால் அவர் போனை வைத்துவிடுவார். வைத்துவிட்டால் நியாயம் என் பக்கம் இருந்து என்ன பிரயோஜனம், அம்மாவின் குரல் பம்பாய்க்குப் போகாதே. அவருக்கு வேண்டியது புத்திமதி இல்லை, தெருக்காரர்களிடம் சொல்ல ஒரு சாக்கு. அது என் கையில் இருந்தது.

“அண்ணாச்சி, இது பி.பி. கால். பேர் குடுத்த ஆளு தன் வாயாலதான் பேசணும், அதுதான் சர்க்கார் விதி. ஆளு வந்து நின்னும் பேச விடலைன்னு நான் எழுதினா, ஒங்க ஆபீசுக்குத்தான் கேள்வி வரும். தெருவுல யாரும் கேட்டா, எக்ஸ்சேஞ்சுல ஒருத்தி கட்டாயப்படுத்திட்டான்னு எம்மேல பழியைப் போடுங்க.”

பின்னால் செருமல் வரும் என்று கழுத்தைச் சுருக்கிக்கொண்டு காத்திருந்தேன். வரவில்லை. அண்ணாச்சி பக்கம் மேஜையை இழுக்கிற சத்தம் கேட்டது. எதுவோ கீழே விழுந்தது. ஒரு சன்னல் கதவு, வெகுநாள் திறக்காதது போலிருக்கிறது, முரண்டுபிடித்துத் திறந்தது. “இந்தா, கம்பிக்கு ஊடே வாங்கு. காதுல வை” என்று தூரத்தில் அவர் குரல். உள்ளே கூப்பிடவில்லை. வீட்டு முன்னறையிலிருந்து சன்னல் கம்பி வழியாக ரிசீவரை வெளியே நீட்டிவிட்டார்.

அப்புறம் ஒன்றுமே கேட்கவில்லை. மூச்சு மட்டும் கேட்டது. அந்தப் பக்கம் மகனும் வாயடைத்துப் போய் நின்றான். பம்பாய்க்காரி, பேச்சு இல்லை, வெட்டுகிறேன் என்றாள். நான் அவளை அதட்டிவிட்டு உள்ளே நுழைந்தேன். வெள்ளத்தாய் அம்மா, ஒங்க மகன் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கான், பக்கத்துல நிக்கவன்ட்ட பேசுத மாதிரி பேசுங்க என்றேன்.

“ஏலே முனியசாமி.”

“யம்மா.”

“கெடந்தது நெசந்தாம்லே. மாசக் கணக்காக் கெடந்தேன். ஒனக்குச் சொல்ல வேண்டாம்னு நாந்தான் சொன்னேன். இப்ப எந்திச்சுட்டேன். கீழத்தெருவுலருந்து நடந்துதான வந்து நிக்கேன். நீ போ. ஏறிப் போலே.”

அவன் அழுதான். அவள் அழவில்லை, சாப்பிட்டாயா என்று கேட்டாள். கப்பலில் சோறு போடுவார்களா, கம்பளி இருக்கிறதா, உன்னோடு நம் பக்கத்து ஆள் யாரும் உண்டா என்று கேட்டுக்கொண்டே போனாள். பேச்சு இரண்டு பக்கமும் போகிறதா என்று பார்த்துவிட்டு ஆபரேட்டர் விலகிவிட வேண்டும் என்பது விதி. அன்றைக்கு நான் விலகக் கொஞ்சம் தாமதமாயிற்று. என் கண்ணும் சரியாக இல்லை.

முதலாளியின் மூடி மறுபடி மறுபடி விழுந்தது. திரும்பிப் பார்த்தால், சூப்பர்வைசரே பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து அந்தக் காலை எடுத்துக்கொண்டிருந்தார். கல்கத்தா லைனில் கோளாறு முதலாளி, ஆட்கள் பார்த்துக்கிட்டிருக்காவ, கொஞ்சம் பொறுங்க என்று கூசாமல் சொன்னார். அந்த மனிதர் வாழ்நாளில் சொன்ன ஒரே பொய் அதுவாகத்தான் இருக்கும். மூன்று நிமிடம் முடிந்தபோதும் தொண்டை செருமவில்லை. பேசி முடித்த பிறகு ஹெட்செட்டைக் கழற்றிக்கொண்டே, “பி.பி. கால்னா பி.பி. கால்தான்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து அந்தச் செருமலுக்கு எனக்குப் பயம் விட்டுப்போயிற்று.

முனியசாமி கப்பல் ஏறினான். பிறகு அவன் பேசும்போதெல்லாம் சன்னல் திறக்கிற சத்தம் எங்களுக்குக் கேட்கும். அவனுக்கு மட்டும் இல்லை, கீழத்தெருவுக்கு வந்த எல்லாக் காலுக்கும் கேட்கும். யாரோ தெருவில் கேட்டிருக்கிறார்கள், அண்ணாச்சியும் எக்ஸ்சேஞ்ச் விதி, நான் என்ன செய்ய என்று என் தலையில் போட்டுவிட்டார். போடட்டும். சந்தோஷமாகச் சுமந்தேன்.

பிள்ளைகளா, சன்னலோடு எனக்குத் திருப்தி வந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். வீட்டுக்குள் நாற்காலி இருக்க, ஒரு மனுஷி வெயிலில் நின்று கம்பி வழியாகப் பேசுவது நியாயம் என்று எந்த ஊரில் சொல்வார்கள்? அந்தச் சன்னல் சத்தம் கேட்கிறபோதெல்லாம் சந்தோஷமும் எரிச்சலும் சேர்ந்தே வரும். என்னால் அன்றைக்கு முடிந்தது அவ்வளவுதான். மூடியிருந்தது ஒன்று திறந்தது, மிச்சத்தை இன்னொருவர் திறப்பார் என்று சொல்லிக்கொண்டேன். கோவில்பட்டியில் அந்த நம்பிக்கை வைப்பது அவ்வளவு கஷ்டமும் இல்லை. பஸ் ஸ்டாண்டில் எல்லாத் தெரு ஜனமும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பஸ்ஸுக்குக் காத்திருந்ததை வேலைக்கு வருகிற வழியில் தினமும் பார்த்தேன். ஊருக்குத் திரும்பி இறங்கியதும் அவரவர் பழைய இடத்துக்குப் போய்விடுவார்கள் என்பதும் தெரியும். ஆனால் ஒருதரம் உட்கார்ந்த ஆளுக்கு, நிற்கிறபோது கால் வலிக்கும் அல்லவா? டவுன் செய்த நல்ல காரியம் அந்தக் கால்வலிதான்.

உங்களுக்கு நான் சொல்ல வந்ததும் பெரிதாக ஒன்றும் இல்லை. உங்களிடமும் விதி இருக்கும், புத்தகமாகவோ திரையிலோ. ஆளைத் துரத்தவும் அதைக் காட்டலாம், ஆளை உள்ளே விடவும் அதையே காட்டலாம். பயப்படுகிறவரிடம் நியாயம் பேசி ஜெயிக்கப் பார்க்காதீர்கள், அவர் சாய்ந்துகொள்ள ஒரு சுவர் கொடுங்கள். லைனில் யாராவது பேசாமல் இருந்தால், பேசத் தெரியாதவர் என்று முடிவு கட்டாதீர்கள். எங்கே நிற்கிறார் என்று முதலில் கேளுங்கள். நான் கேட்கப் பழகிக்கொண்டேன். எந்த ஊர்க் காலாக இருந்தாலும், எங்கிருந்து பேசுதீங்க என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுவேன். எக்ஸ்சேஞ்சில் இதைச் சொல்லி என்னைக் கேலி செய்வார்கள்.

எண்பதுகளில் அந்தப் பலகையின் கடைசிக் காலம். தானாகவே இயங்குகிற எக்ஸ்சேஞ்ச் வரப்போகிறது, எங்களையெல்லாம் எங்கே தூக்கிப் போடுவார்களோ என்று பேசிக்கொண்டிருந்த நாட்கள். ஒருநாள் அந்த ஊர் மூடி விழுந்தது. எடுத்தேன். இளம் குரல் ஒன்று, தான் புது போஸ்ட்மாஸ்டர் என்றது. பெண் பிள்ளை. பழைய அண்ணாச்சி ஓய்வு பெற்றுவிட்டாராம், தபால் ஆபீஸும் அவர் வீட்டை விட்டு ஊர்ப் பொதுக் கட்டடத்துக்கு வந்துவிட்டதாம். பம்பாய்க்கு ஒரு பி.பி. கால் வேண்டும், பேசுகிறவரே உங்களிடம் விவரம் சொல்வார் என்று ரிசீவரைக் கொடுத்தாள்.

“பம்பாயிக்குப் போடுங்கம்மா. முனியசாமி. எம்மகன். ஊரு ஊராச் சுத்திட்டு அங்கனயே வந்து இருந்துட்டான். பேரப்பிள்ளைகிட்டயும் பேசணும்.”

குரலில் வயசு ஏறியிருந்தது. ஆனால் ஏறிப் போலே என்று சொன்ன குரலை நான் மறப்பேனா? நான் யார் என்று சொல்லவில்லை. பம்பாய் நம்பரை வாங்கிக்கொண்டேன். சன்னல் சத்தம் வரவில்லை, அதற்காகவே காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். பிறகு வழக்கமாகக் கேட்கிறதைக் கேட்டேன்.

“எங்கருந்து பேசுதீங்கம்மா?”

“ஆபீசுக்குள்ளருந்துதான். இங்கன பெஞ்சுல ஒக்காந்துருக்கேன்.”

லைன் அன்றைக்குக் கண்ணாடி மாதிரித் தெளிவாக இருந்தது. இருந்தாலும், சரியாகக் கேட்கவில்லை, இன்னொரு தடவை சொல்லுங்கள் என்றேன்.

“உள்ளதாம்மா இருக்கேன்” என்றாள் வெள்ளத்தாய், சத்தமாக. “உள்ள ஒக்காந்துதான் பேசுதேன்.”